கச்சேரியில் ஜூமைத் தொடாதீர்கள்

மங்கலான வெளிச்சத்தில் கச்சேரியைச் சின்ன கேமராவில் எடுக்கும்போது ஜூம் செய்யாதீர்கள். லென்ஸை அகலமான முனையிலேயே, அதாவது அதிகப் பரப்பு தெரியும் நிலையிலேயே, வைத்துக்கொண்டு, முடிந்தால் நாலு வரிசை முன்னால் போய் உட்காருங்கள்.

பெரும்பாலான காம்பாக்ட் கேமராக்களில் ஜூம் கூடக்கூட லென்ஸின் துவாரம் சுருங்கும். துவாரத்தின் அளவைச் சொல்லும் எஃப் எண் (எண் கூடினால் துவாரம் சிறிது) எஃப் 2-இலிருந்து எஃப் 5.6-க்குப் போனால் உள்ளே வரும் ஒளி எட்டில் ஒரு பங்குதான். அதே ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 1/120 நொடியில் கிடைத்த படத்துக்கு 1/15 நொடி வேண்டியிருக்கும். மிருதங்கக்காரரின் விரல்கள் அதில் வெறும் புகையாகத்தான் தெரியும். தேவையான பகுதியை அப்புறம் வீட்டில் வெட்டிக்கொள்ளலாம். ஃப்ளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், பாடுபவரின் கண் கூசும்.

பால்கனியில்தான் இடம் என்றால் இது உதவாது. வெட்டினால் முகம் புள்ளி புள்ளியாகிவிடும். ஜூம் முழுக்கத் துவாரம் மாறாத கேமராவுக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.