வார்டில் யோசிக்கப் பழகுவது எப்படி?

புதிதாக டியூட்டிக்கு வரும் நர்ஸ் எழுதிய கேஸ் ஷீட்டில் நான் முதலில் பார்ப்பது மூச்சு எண்ணிக்கையைத்தான். எல்லாக் கட்டிலுக்கும் வரிசையாக 20 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நாடி பிடித்த கையை எடுக்காமல், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நாடி பார்ப்பதாக நினைத்து நோயாளியும் இயல்பாக மூச்சு விடுவார். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. 28 வந்தால், பிரஷர் நன்றாகவே இருந்தாலும் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்தது, யாரோ பேர் வைத்துவிட்ட வியாதியை அப்படியே ஏற்காமல் 'வேறு என்னவாக இருக்கலாம்?' என்று கேட்பது. இதற்கு எங்கள் தர்மபுரிப் பக்கத்து உதாரணமே போதும். பென்னாகரம், அரூர் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று ஒருவர் வருவார். "நேத்து சாப்பிட்டது ஒத்துக்கலைங்க சிஸ்டர்" என்று கூட வந்தவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். நீங்கள் கேளுங்கள்: ராத்திரி எங்கே படுத்திருந்தார்? தரையில் என்றால் கட்டுவிரியன் பாம்பையும் நினைக்க வேண்டும். தூக்கத்தில் கடித்துவிட்டுப் போய்விடும். வீக்கம் பெரும்பாலும் இருக்காது, பல் தடமும் கண்ணில் படாமல் போகலாம். 20 நிமிட ரத்த உறைவு டெஸ்ட் நார்மல் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். கண்ணாடி விரியன் விஷம்தான் ரத்தத்தை உறைய விடாது. கட்டுவிரியன் விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவைத் தடுக்கிறது. அதனால் மேலே பார்க்கச் சொல்லுங்கள், இமை தொங்குகிறதா? தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடிகிறதா? ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார்? திரும்பத் திரும்பப் பார்த்து நேரத்தோடு எழுதுங்கள். முதலில் 30 வரை எண்ணியவர் அப்புறம் 15இல் நின்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கூப்பிடும்போது "பேஷண்ட் சரியில்லை சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். யார், எதற்காக வந்தவர், ஒரு மணி நேரத்தில் என்ன மாறியது, கடைசியாக "இப்போது நீங்கள் வந்து பார்க்க வேண்டும் சார்". இவ்வளவும் அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். சீனியர் என்ன நினைப்பாரோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கூப்பிடுங்கள்.

தெரிந்த வேலையிலும் கேள்வி வேண்டும். இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றால் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 என்றால் ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பி மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். கை பழகிய வேலை என்றாலும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டாரை ஒதுக்காதீர்கள். "எப்பவும் போல இல்லைங்க" என்று ஓர் அம்மா சொன்னால், மானிட்டர் என்ன காட்டினாலும் எழுந்து போய்ப் பாருங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் அதையே தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்வார்கள். புரியாமல் தலையாட்டாமல், மொழி தெரிந்த ஒருவரை அழைத்து வந்து, எப்போதிருந்து, என்ன வித்தியாசம் என்று கேட்டு எழுதுங்கள்.