பெட்டியில் 9000 லுமென், திரையில் எத்தனை?

கல்லடியில் எங்கள் விளையாட்டுக் கழகம் கிரிக்கெட் காட்டவென்று ஒரு புரொஜெக்டர் வாங்கியது. பெட்டியில் '9000 லுமென்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. மாலை ஆறு மணிக்குக் கட்டிய வெள்ளை வேட்டியில் பந்தைத் தேடவில்லை, ஆட்டக்காரரையே தேடினோம். அதன் பிறகுதான் அளக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு கைபேசியும் அளவுநாடாவும் போதும்.

முதலில் இரண்டு சொற்கள். ஒரு வாளித் தண்ணீரை வீட்டு முற்றத்தில் தெளித்தால் புழுதி அடங்கும். அதையே கோயில் வீதி முழுக்கத் தெளித்தால் தடமே தெரியாது. வாளியில் உள்ளது லுமென், அதாவது மொத்த ஒளி. மண்ணில் பட்ட ஈரம் லக்ஸ், அதாவது ஒரு சதுர மீற்றரில் விழும் லுமென்.

இனி அளவை. நன்றாக இருட்டியதும் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பெருக்குங்கள். எங்களுடையது 2.4 × 1.35, அதாவது 3.24 சதுர மீற்றர்.

அடுத்து, முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திரையில் விழுத்துங்கள். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலியைத் திறந்து, அதன் முகம் புரொஜெக்டரைப் பார்க்கும்படி திரையோடு ஒட்டிப் பிடியுங்கள். ஒளி உணரி பெரும்பாலும் முன்பக்க மேல் விளிம்பில் இருக்கும். உங்கள் நிழல் அதில் விழக்கூடாது. நான் முதல் தடவை என் தலையின் நிழலைத்தான் அளந்தேன்.

படத்தை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்களாகப் பாவித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்து சராசரி எடுங்கள். நடுவில் மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள், ஓரங்கள் மங்கலாக இருக்கும். பிறகு புரொஜெக்டரை நிறுத்தி, சுற்றியுள்ள வெளிச்சத்தை அளந்து கழியுங்கள். எங்களுக்கு 64இல் 2 போக 62 லக்ஸ்.

62 × 3.24: ஏறத்தாழ 200 லுமென்!

கைபேசி உணரி துல்லியமானதல்ல. ஆனால் 9000க்கும் 200க்கும் உள்ள இடைவெளியை அதன் மேல் சுமத்த முடியாது. வாங்கும்போது வெறும் 'லுமென்' என்பதை விட்டுவிட்டு 'ஆன்ஸி லுமென்' அல்லது 'ஐஎஸ்ஓ லுமென்' என்று இருக்கிறதா பாருங்கள் (ஆன்ஸி அமெரிக்கத் தர அமைப்பு, ஐஎஸ்ஓ சர்வதேசத் தர அமைப்பு). ஒன்பது புள்ளி முறை 1992ஆம் ஆண்டின் ஆன்ஸி தரத்தில் வந்ததுதான்.

கடைசியாக நிட்: திரையிலிருந்து கண்ணுக்குத் திரும்பும் ஒளியை, அதாவது திரையின் பிரகாசத்தை, அளக்கும் அலகு. நல்ல வெள்ளைத் திரையானால் லக்ஸை 3.14 ஆல் வகுக்கலாம். எங்களுக்கு 20, திரையரங்குத் தரம் 48. படத்தை 1.5 மீற்றர் அகலத்துக்குச் சுருக்கினால் ஏறக்குறைய 50 வருகிறது. இப்போது வேட்டிக்குப் பதில் வெள்ளை பூசிய பலகை. ஏழு மணிக்குப் பிறகுதான் தொடங்குகிறோம்.