தனியாகப் போகிற தங்கச்சிக்கு

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களின் வீடுகளில் அம்மாவின் அலுமாரிக்குள் ஒரு பை இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், எல்லாருடைய கடவுச்சீட்டும் அதற்குள்தான். 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு இரவோடிரவாக வெளிக்கிட்டபோது வந்த பழக்கம், இங்கே ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் விடவில்லை. வீட்டை விட்டுத் தனியாக வாழப் போக நினைத்தால் அந்தப் பையில்தான் தொடங்க வேண்டும். உன்னுடைய பத்திரங்களை இப்போதே போட்டோ எடுத்து வை, புறப்படுகிற கிழமை எடுத்து ஒரு சிநேகிதியிடம் கொடு. அதற்கு முன் எடுத்தால் அம்மா எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம் காசு. சம்பளம் அம்மாவோடு சேர்ந்த கணக்கில் விழுகிறதென்றால் வேறு வங்கியில் தனிக் கணக்குத் திற, கடிதம் வீட்டுக்கு வராமல் மின்னஞ்சலுக்கு வரச் சொல். போன் அப்பாவின் பிளானில் இருந்தால் அதையும் மாற்று, நீ எங்கே நிற்கிறாய் என்று காட்டும் செயலி போனில் இருக்கிறதா என்றும் பார்.

அறை தேடும்போது ஒன்றைக் கவனி. வீட்டுக்காரரோடு சமையலறையோ குளியலறையோ பகிர்கிற அறை என்றால் ஒன்ராறியோ வாடகைச் சட்டம் உன்னைக் காக்காது, நாளைக்கே போ என்றாலும் போக வேண்டியதுதான். தனி வாசல், தனிச் சமையலறை உள்ள பேஸ்மென்ட் கொஞ்சம் விலை கூட, ஆனாலும் அதுதான் நல்லது. அங்கே முற்பணமாகக் கடைசி மாத வாடகை கேட்கலாம், 'ஏதும் உடைந்தால்' என்று தனியாகக் கேட்க முடியாது.

வீட்டில் எப்படிச் சொல்வது? அடி விழும் வீடென்றால், அல்லது உனக்குக் கட்டாயக் கலியாணம் செய்துவைக்க ஊருக்குக் கூட்டிப்போகும் பேச்சு அடிபட்டால், சொல்லாமலே வெளிக்கிடு. தங்குமிடம் கேட்க 211, உயிருக்கு ஆபத்தென்றால் 911. பதினெட்டு முடிந்திருந்தால் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மற்ற வீடுகளில் சொல்லிவிட்டுப் போகலாம். எங்கள் வீட்டில், நான் பத்து நிமிஷம் பிந்தினால் அப்பா பஸ் தரிப்பில் வந்து நிற்பார், எனக்கு மானம் போகும். ஊரில் அவருடைய தம்பி சைக்கிளில் கடைக்குப் போய்த் திரும்பி வரவேயில்லை என்று சித்தி சொல்லித்தான் பிறகு தெரியும். அது தெரிந்ததால் போகாமல் இன்னும் ஒன்றரை வருடம் இருந்தேன். அவர் பஸ் தரிப்புக்கு வருவது நின்றபாடில்லை. கடைசியில், எந்த நாளில் போகிறேன், தினமும் எத்தனை மணிக்குப் போன் எடுப்பேன் என்று மட்டும் சொன்னேன், ஏன் என்று விளங்கப்படுத்தப் போகவில்லை. நீயும் அதற்குள் இறங்காதே, விடிய விடியக் கதைக்க வேண்டிவரும்.

சொன்ன நேரத்துக்குத் தவறாமல் எடு. முதல் மாதம் அப்பா ஒன்றும் பேசவில்லை. இப்போது ஒன்பதரைக்கு எடுத்தால் ஒரே கேள்விதான்: "கதவு பூட்டியாச்சோ?"