எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?

தக்கலையில் பேருந்து ஏறினால் நாகர்கோவில் போய்ச் சேருவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் மூன்று கேள்வி கேட்டுவிடுவார். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எங்கே போகிறாய். பதில் சொன்னால் அவருக்கு நம் சித்தப்பாவைத் தெரிந்திருக்கும். இரண்டு வயதில் போலியோ வந்து காலைத் தாங்கும் காலிப்பர் போட்டு நடக்கும் எனக்கு நான்காவது கேள்வியும் உண்டு: "காலுக்கு என்ன ஆச்சு மக்களே?" இப்போது வயது 61. கேள்வி நிற்கவில்லை, ‘மக்களே’ மட்டும் ‘எக்கா’ ஆகிவிட்டது.

தபால் அலுவலகத்தில் 34 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு நாங்கள் சில பேர் சேர்ந்து, மாற்றுத்திறன் உள்ள பெரியவர்களை மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இணைத்துவிடுகிறோம். பார்வையில்லாத வங்கி ஊழியர் ஒருவர் பார்வையில்லாத பதினொன்றாம் வகுப்புப் பையனோடு பேசுவார். காது கேளாத தையல்காரப் பெண் ஒருத்தி, பள்ளி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளையோடு சைகையில் பேசுவாள். மாதம் ஒரு சனிக்கிழமை எல்லோரும் கூடுவோம். புதிதாக வரும் வழிகாட்டிகள் எல்லோரிடமும் முதல் நாளே நான் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு: பிள்ளைகளின் விவரம் வெளியே போகாமல் காப்பது எப்படி. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் தப்பு. ஆரம்பித்த வருடம் 23 பிள்ளைகளின் பெயர், குறைபாடு, அதன் சதவீதம், போன் நம்பர், அப்பாவின் வேலை எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகப் போட்டு, பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடை வாட்ஸாப்புக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு பிள்ளையின் அம்மா அழைத்தார். அரசாங்கத்தில் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் வாங்கித் தருவதாக யாரோ பேசினானாம், மகளுக்கு 65 சதவீதம் என்பது வரை சரியாகச் சொன்னானாம், இவர் 2,000 ரூபாய் அனுப்பிவிட்டார். என் பட்டியலிலிருந்துதான் போனது என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் அதை ஊருக்குள் விட்டவள் நான்.

அன்றைக்குப் புரிந்தது, நம் பிள்ளைகளின் விவரத்துக்காக எந்தக் கணினித் திருடனும் ராத்திரி கண்விழிக்கப் போவதில்லை. வருகிறவர்கள் வேறு. ஸ்கூட்டர் வாங்கித் தருகிற ஏஜென்ட் வருவார். அக்காவுக்கு வரன் பார்க்கும்போது ‘வீட்டில் வேறு யாருக்காவது ஏதாவது உண்டா’ என்று விசாரிக்கிற தரகர் வருவார். கேமராவோடு நன்கொடையாளர் வருவார். நல்ல மனசோடு விசாரிக்கிற பக்கத்து வீட்டுக்காரர்தான் அதிகம் வருவார்.

சரி, செய்யவேண்டியதற்கு வருவோம். கையில் இல்லாத விவரம் கசியாது, அதனால் குறைவாகக் கேளுங்கள். எங்கள் படிவத்தில் இப்போது பெயர், வயது, பேசவேண்டிய நேரம், பேசும் முறை (குரல், எழுத்து, சைகை), கூட்டத்துக்கு வர என்ன வசதி வேண்டும், அவசரத்துக்கு யாரை அழைப்பது, அவ்வளவுதான். நோயின் பெயர் கேட்பதில்லை. ‘படி ஏற முடியுமா’ என்று தெரிந்தால் எனக்குப் போதும், எதனால் முடியாது என்பது எனக்கு எதற்கு? மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைப் பார்க்கவேண்டி வந்தால் பார்த்துவிட்டுக் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். நகல் எடுப்பதில்லை. ‘பார்த்தேன்’ என்று எழுதித் தேதி போடுகிறோம். ஆதார் எங்களுக்குத் தேவையே இல்லை. உங்களுக்குத் தேவைப்பட்டால், முதல் எட்டு இலக்கம் மறைத்துக் கடைசி நான்கு மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை வாங்குங்கள்.

அடுத்தது சம்மதம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களைக் குழந்தைகள் என்றே கணக்கிடுகிறது. அவர்கள் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் கட்டாயம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. அதுவரை சும்மா இருக்கலாம் என்று யாரும் நினைக்கவேண்டாம். காகிதத்தில் எழுதி வாங்கிப் பிறகு கணினியில் ஏற்றினாலும் அந்தச் சட்டம் பொருந்தும்.

18 தாண்டியவர்கள் விஷயத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். 22 வயதுப் பையன் எதிரே உட்கார்ந்திருப்பான், படிவத்தை அம்மாவிடம் நீட்டுவோம். அம்மா என்பதாலேயே அவர் சட்டப்படிப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் வருடத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கலாம். அப்படி நியமனம் இருந்தால் அவரிடம் கேட்கவேண்டும். இல்லாவிட்டால் எதிரே இருக்கிறவனிடம்தான் கேட்கவேண்டும். பாதுகாவலர் இருந்தாலும், சின்னப் பிள்ளையாக இருந்தாலும், அந்தப் பிள்ளை தலையாட்டாமல் நாங்கள் எதையும் எழுதுவதில்லை. இது சட்டமில்லை, எங்கள் பிடிவாதம்.

கேட்கிற விதமும் முக்கியம். பார்வையில்லாத பெண்ணுக்குப் படிவத்தை அவள் அண்ணன் வாசித்துக் காட்டினால், அண்ணனுக்குத் தெரியாமல் அவள் எதைச் சொல்லுவாள்? யார் வாசிக்கவேண்டும் என்று அவளே சொல்லட்டும். புரிந்துகொள்ள நேரம் எடுக்கிற பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டுகிறோம். விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசுகிற வீடுகளுக்கு மலையாளத்தில் சொல்லுங்கள். எந்த விவரத்தை எதற்கு வாங்குகிறோம் என்கிற அறிவிப்பை, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் கேட்க, தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவர்களுக்கு உரிமை உண்டு. சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்கவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. எங்களிடம் ‘வேண்டாம்’ என்று ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டாலே போதும், நானே திரும்ப அழைத்து என்ன வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன்.

போன் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லவேண்டும். தபால்காரி கணக்கில் சொன்னால், வாட்ஸாப் குழு என்பது போஸ்ட் கார்டு. வருகிற வழியில் எல்லோரும் படிப்பார்கள். தனிச் செய்தி இன்லேண்ட் லெட்டர். நேரில் பேசுவதுதான் பதிவுத் தபால் (அந்தச் சேவையையே 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், என் மனசில் அது இன்னும் தனியாகத்தான் இருக்கிறது). குழுவில் சேர்த்த நிமிடமே ஒவ்வொருவர் நம்பரும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் கூட்டத் தேதியை அறிவிக்க பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்திருக்கிறோம். யாருக்கெல்லாம் போகிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஒன்று கவனம், உங்கள் நம்பரை அவர்கள் போனில் பதிந்து வைத்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும்.

பார்வையில்லாதவர்களின் போனில் டாக்பேக் என்கிற திரை வாசிப்பு வசதி செய்தியைச் சத்தமாக வாசிக்கும். எங்கள் வழிகாட்டி ஒருவர், ‘நேற்று அழுதாயே, இப்போது பரவாயில்லையா?’ என்று அக்கறையாக அனுப்பினார். பையன் அப்போது வடசேரி பேருந்தில். மொத்தப் பேருந்தும் கேட்டது. அன்றிலிருந்து, ‘பேச நேரம் இருக்கா?’ என்பதற்கு மேல் எழுத்தில் எதுவும் அனுப்புவதில்லை. அதே மாதிரி, சைகையில் வீடியோ கால் பேசுகிறவர்களுக்குப் பேருந்து நிலையத்தில் ரகசியம் கிடையாது. சைகை தெரிந்த எவரும் தூரத்திலிருந்தே ‘கேட்டுவிடலாம்’. சுவரைப் பின்னால் வைத்து உட்காரச் சொல்லுங்கள், திரையில் தெரிகிறவரின் கை மட்டுமாவது மறையும்.

வழிகாட்டிகள் குறிப்பு எழுதும் நோட்டில் பெயர் கூடாது, எண் மட்டும். முதலில் நாங்கள் ‘கு-7’, ‘மா-3’ என்று ஊர் எழுத்தையும் சேர்த்திருந்தோம். குளச்சல், மார்த்தாண்டம் என்று குழந்தையும் கண்டுபிடித்துவிடும்! இப்போது வெறும் எண். எந்த எண் யார் என்கிற தாள் ஒன்றே ஒன்று, அது என் வீட்டு பீரோவில் இருக்கிறது. கூகுள் ஷீட் வைத்திருக்கிறவர்கள், ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற இடத்தை இன்றைக்கே போய்ப் பாருங்கள். பிரிண்ட் வேண்டுமென்றால் கடையில் நின்று எடுத்து, கடைக்காரர் கணினியிலும் போனிலும் அழிக்கிறவரை நகராதீர்கள். அவர் சிரிப்பார், பரவாயில்லை.

கதை சொல்லும் இடத்தில்தான் நல்லவர்கள் எல்லோரும் சறுக்குகிறார்கள். ‘பெயரை மாற்றிவிட்டோம்’ என்பார்கள். ‘முட்டம் பக்கத்துக் கடற்கரை ஊர், அப்பா கடலுக்குப் போகிறவர், பார்வையில்லாத மகள் கல்லூரியில் முதலாமாண்டு’ என்று எழுதினால் பெயர் எதற்கு? எந்த அன்பியம் (பங்குக் கோயிலின் சின்னக் குடும்பக் குழு) என்று கேட்டுக்கொண்டு வீட்டு வாசலுக்கே போய்விடலாம். சென்னையில் மறைகிற விவரம் இங்கே மறையாது. ஊர், அப்பா தொழில், குறைபாடு, படிப்பு, இந்த நான்கில் ஒன்றுக்கு மேல் சொல்லாதீர்கள். அதையும் அந்தப் பிள்ளையிடம் வாசித்துக் காட்டி, ‘உன் ஊர்க்காரர் படித்தால் நீ என்று தெரியுமா?’ என்று கேளுங்கள். எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

படத்தில் முகத்தை மறைத்தாலும் சீருடை, வீட்டுச் சுவர், குருசடி (சிலுவை நிற்கும் சின்னக் கோயில்), வள்ளத்தில் எழுதிய எண் எல்லாம் பேசும். படக் கோப்பிலேயே எடுத்த இடம் பதிந்திருக்கலாம், கேமரா அமைப்பில் இடக்குறிப்பை நிறுத்திவிடுங்கள். ஒரு நன்கொடையாளர் சக்கர நாற்காலி கொடுத்துவிட்டு, பிள்ளையை உட்காரவைத்துப் படம் கேட்டார். காலி நாற்காலியைப் படம் எடுத்து அனுப்பினோம். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. போகட்டும்.

எல்லா ரகசியத்தையும் காப்பேன் என்று மட்டும் எந்தப் பிள்ளையிடமும் சத்தியம் செய்யாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தால், 2012-ஆம் வருடத்து போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும், மறைத்தால் நமக்கும் தண்டனை. உயிருக்கு ஆபத்து என்றாலும் சொல்லத்தான் வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்வது என்னோடு இருக்கும். உனக்கு ஆபத்து என்றால் மட்டும் இன்னொருவரிடம் போவேன், போகும் முன் உன்னிடம் சொல்லிவிட்டுப் போவேன்." அப்போதும் தேவையானவரிடம் மட்டும், தேவையான அளவு மட்டும். குழந்தைகள் உதவி எண் 1098.

இவ்வளவுக்குப் பிறகும் கசியும். கசிந்தால் அன்றைக்கே அந்தப் பிள்ளையிடமும் வீட்டிலும் சொல்லுங்கள்: என்ன போனது, யாரிடம் போனது, இனி யார் அழைக்கக்கூடும். பணம் போயிருந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930. ‘நம்பர்தானே’ என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் அந்த அம்மாவிடம் அப்படித்தான் ஆரம்பித்தேன், அவர் ஒரு வருடம் பேசவில்லை.

வழிகாட்டல் முடிந்த பிள்ளைகளின் தாள்களை வருடம் ஒருமுறை எடுத்துவிடுகிறோம். பழைய பேப்பர் கடைக்குப் போடுவதில்லை, அங்கே போனது கடலைப் பொட்டலமாகத் திரும்பி வரும். போனில் இருப்பதை அந்தந்த வழிகாட்டி என் முன்னால் அழிக்கவேண்டும். காகிதத்தை நான் வெந்நீர் அடுப்பில் ஓலைச் சருகோடு வைத்துவிடுவேன். போன மார்ச்சில் 14 தாள். ஒரு வாளி வெந்நீருக்குக் கூடக் காணாது.