கொடைக்கானலில் யூதத் திருமணம்: ஏற்பாடு செய்பவர் அறிய வேண்டியவை

நம் வீட்டுக் கல்யாணத்தில் முதலில் கேட்பது முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்பதை. யூதத் திருமணத்தில் முதலில் கேட்க வேண்டியது அன்று சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்பதை. யூத நாள்காட்டியில் நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை, மாலையில் பிறக்கிறது. ஆகவே ஐந்து மணிக்கு நடக்கும் சடங்குக்கு ஒரு தேதியும் ஏழு மணிக்கு நடக்கும் சடங்குக்கு அடுத்த தேதியும் வரும். கொடைக்கானலில் டிசம்பரில் ஆறு மணியை ஒட்டியும் ஜூனில் ஆறரை தாண்டியும் சூரியன் மறையும். மூடுபனி இறங்கிவிட்டால் அது கண்ணுக்கே தெரியாது என்பதால், கணக்கிட்ட நேரத்தை எழுதிச் சமையல்கட்டு முதல் மேடை வரை எல்லா இடத்திலும் ஒட்டிவிடுங்கள்.

நாள் குறிப்பதில் விலக்க வேண்டியவை சில உண்டு. வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை நீளும் ஓய்வுநாளிலும் பெரிய பண்டிகைகளிலும் திருமணம் இல்லை. பஸ்காவுக்கும் வாரங்களின் பண்டிகைக்கும் இடையிலான 49 நாள்களில் பெரும்பகுதியையும், எருசலேம் ஆலயம் அழிந்ததற்குத் ஜூலை, ஆகஸ்டை ஒட்டித் துக்கம் காக்கும் மூன்று வாரங்களையும் தவிர்ப்பார்கள். எந்தெந்த நாள்கள் என்பது சமூகத்துக்குச் சமூகம் மாறும். நல்லவேளையாக, அந்த 49 நாள்கள் நமது ஏப்ரல், மே சீசன் நெரிசலோடும் அந்த மூன்று வாரங்கள் தென்மேற்குப் பருவமழையோடும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்த பிறகு, ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை மலைக்கும் அவர்களுக்கும் பொருந்தும் காலம். கிழமைகளில் செவ்வாய் அவர்களுக்கு விசேஷமானது. உலகப் படைப்பைச் சொல்லும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில், ஞாயிறிலிருந்து எண்ணினால் செவ்வாயாகும் மூன்றாம் நாளில் ‘நல்லது’ என்ற சொல் இருமுறை வருகிறது. செவ்வாயோ வெறுவாயோ என்று நம்மவர்கள் ஒதுக்கிவைக்கும் கிழமை என்பதால் பந்தல்காரரும் விடுதியும் பூக்காரரும் அன்று எளிதில் கிடைப்பார்கள்.

அரசு நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை. மதுரையிலிருந்து விருந்தினரை ஏற்றிவரும் ஒவ்வொரு வேனுக்கும் அதை எடுத்துவையுங்கள். வெளிநாட்டினர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் விடுதி நடத்துபவர் இணையவழித் தகவல் தர வேண்டும். இங்கேயே சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்ய விரும்பினால், இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் தங்கியிருக்க வேண்டும், அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்கவும் வேண்டும். அதனால் பெரும்பாலோர் சட்டப்பதிவைத் தங்கள் நாட்டில் முடித்துக்கொண்டு, இங்கே சமயச் சடங்கை மட்டும் நடத்துகிறார்கள், அதுவே எளிது.

சடங்கை நடத்துபவர் ரப்பி எனப்படும் யூத மதகுரு. உங்கள் வேலை அவரிடம் கேள்விகளைச் சீக்கிரமாகக் கேட்டுவிடுவது. அவற்றுள் முக்கியமானது கெத்துபா என்னும் திருமண ஒப்பந்தம். மணமகளுக்கு மணமகன் ஏற்கும் கடமைகளை அரமேய மொழியில் எழுதி, மணமக்களுக்கு உறவில்லாத இரண்டு யூதச் சாட்சிகள் கையெழுத்திடும் ஆவணம் அது. அதில் தேதியும் ஊர்ப்பெயரும் இடம்பெறும். ‘கொடைக்கானல்’ என்பதை எபிரேய எழுத்தில் எழுதுவது ரப்பிக்குச் சிக்கலாக இருக்கும் என்பதால், பெயரைத் தெளிவாக உச்சரித்து ஒலிப்பதிவாக ஒரு மாதம் முன்னரே அனுப்பிவிடுங்கள். மேலே சொன்ன சூரியக் கணக்கு மிகக் கூர்மையாக உறுத்துவதும் இங்கேதான்: பகலில் ஒரு தேதியிட்டுக் கையெழுத்தாகி, பந்தலுக்கு வருவதற்குள் இருட்டிவிட்டால் ஆவணத்தின் தேதியும் சடங்கின் தேதியும் பொருந்தாமல் போகும். மலைப்பாதையில் ஒரு பேருந்து பழுதாகி நின்றாலே ஒரு மணி நேரம் போய்விடும் ஊரில், சாட்சிகளை முதல் நாளே மேலே வரவழைத்துவிடுவதுதான் விவேகம்.

ஹுப்பா என்பது நான்கு கம்புகளும் மேலே ஒரு துணியும் கொண்ட, நான்கு பக்கமும் திறந்த சிறு விதானம். அமையப்போகும் வீட்டின் அடையாளம். பல குடும்பங்கள் தொழுகைச் சால்வையையே மேலே கட்டுவார்கள், ஐரோப்பிய வழியினர் வானத்தின் கீழ் நிறுத்துவதை விரும்புவார்கள். நம் பந்தல்காரர் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் மூன்று பக்கமும் சாமியானாத் துணியைக் கட்டிவிடுவார். திறந்திருப்பதே அதன் பொருள் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நிலக்கோட்டையிலிருந்து வரும் மல்லிகைச் சரங்களைக் கம்புகளில் மட்டும் சுற்றுங்கள், மேல்துணியில் கட்டினால் ஈரப்பூவின் கனத்தில் துணி தொய்ந்து ரப்பியின் தலையில் இடிக்கும். மாலைக் காற்றுக்குச் சவுக்குக் கம்பை மண்ணில் நட்டால் மட்டும் போதாது. மணல் நிரப்பிய தகரங்களில் இறக்கி, உறவினர் நால்வரைப் பிடித்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

இனிச் சமையல். ஒரு யூதத் திருமணம் கெட்டால் பெரும்பாலும் இங்கேதான் கெடும், அதுவும் நம் அன்பினாலேயே கெடும். கோஷர் என்னும் யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேரக் கூடாது. இறைச்சி என்றால் அதற்கென்று பயிற்சி பெற்றவர் அறுத்திருக்க வேண்டும், அப்படிப்பட்டவர் மலையில் இல்லை. ஆகவே இறைச்சியும் வேண்டாம், நெய்யும் தயிரும் வேண்டாம், முழுச் சைவத்தைத் தேங்காய் எண்ணெயிலும் தேங்காய்ப்பாலிலும் செய்துவிடலாம் என்பதே என் முடிவு. சொதி, ஆப்பம், எலுமிச்சைச் சாதம், மலைப்பூண்டுக் குழம்பு, வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த பாயசம் என்று போட்டால் ஐந்து கண்டத்து விருந்தினரும் இலையை வழித்துச் சாப்பிடுவார்கள். பழக்கத்தில் கடைசி நொடியில் ஒரு கரண்டி நெய் ஊற்றும் கை மட்டும் சமையல்கட்டில் இருக்கக் கூடாது.

வாடகைப் பாத்திரம் உதவாது. அண்டா முதல் ஜல்லடை வரை குடும்பத்தின் பெயரில் புதிதாக வாங்க வேண்டும். ரப்பி அவற்றை ஓடை நீரில் முக்கி எடுத்த பிறகே அடுப்பேற்ற வேண்டும். பூச்சி உண்பது விலக்கு என்பதால் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் பார்த்துப் பொறுக்க வேண்டும். இதில் நம் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை: முறத்தில் புடைத்து ஓரமாகத் தள்ளிக் கல்லும் வண்டும் நீக்கும் கையைக் கண்டு ஒரு ரப்பி அருகிலேயே உட்கார்ந்துவிட்டார். கீரையைத் தவிர்த்துவிடுங்கள், அதைச் சோதித்து மாளாது. இன்னொன்று, இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். சமவெளியிலிருந்து வரும் சமையல் மாஸ்டர் பருப்புக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

அடுப்பை யூதர் ஒருவர் பற்றவைக்க வேண்டும் என்பதும் விதி. என் முதல் ஏற்பாட்டில் காலையில் ரப்பியே பற்றவைத்தார். பதினொரு மணிக்குச் சிலிண்டர் தீர்ந்தது. எங்கள் பையன் புதிய சிலிண்டரை மாட்டித் தீக்குச்சியைக் கிழித்துவிட்டான். தப்பு என்னுடையது, அவனிடம் நான் சொல்லவில்லை. அதன்பின் ரப்பி ஏற்றிய ஒரு விளக்கைச் சமையல்கட்டு மூலையில் அணையாமல் காத்து, அதிலிருந்தே தீயெடுத்தோம். ஐரோப்பிய வழியினருக்கு இது போதும். ஸ்பெயின், வட ஆப்பிரிக்க மரபில் வந்த செபார்திக் வழியினர், யூதர் ஒருவர் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றவும் வேண்டும் என்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

திராட்சை மதுவுக்கும் இதே எச்சரிக்கை. காய்ச்சிப் பதப்படுத்தாத கோஷர் மதுவை யூதரல்லாதவர் ஊற்றினால் கண்டிப்பானவர்கள் அருந்த மாட்டார்கள். பரிமாறும் பையன்கள் அந்தப் புட்டியைத் தொடவே வேண்டாம். சடங்குக்கு வேண்டியது இரண்டு கோப்பைதான். கோஷர் திராட்சைச் சாறும் அதற்குச் செல்லும், மது அனுமதித் தொல்லையும் இராது.

மணமக்கள் அன்று பகல் முழுவதும் விரதம் இருப்பது பரவலான வழக்கம். ஏழாயிரம் அடி உயரக் குளிரில் பசித்த வயிறோடு நிற்கிறார்கள் என்பதை மறவாமல், ஹுப்பாவுக்கு அருகே இரண்டு நாற்காலியும் கம்பளிச் சால்வையும் வையுங்கள். மணமகன் மணமகளின் முகத்தைப் பார்த்து அவளுக்கு முக்காடிடுவான். பிறகு அவள் அவனை ஏழு முறை சுற்றிவருவதும் உண்டு. கல் பதிக்காத மோதிரத்தை அவளது வலக்கை ஆட்காட்டி விரலில் அணிவிப்பான், கெத்துபா வாசிக்கப்படும், ஏழு ஆசிகள் பாடப்படும். அவற்றைப் பாடப் பத்து யூத ஆண்கள் தேவை. முடிவில் மணமகன் துணியில் சுற்றிய கண்ணாடிக் கோப்பையை மிதித்து உடைப்பான். மகிழ்ச்சியின் உச்சத்திலும் ஆலயத்தின் அழிவை நினைப்பதற்காக.

கோப்பையைப் பற்றி இரண்டு வார்த்தை. அவசரத்துக்கு ஒருமுறை டீக்கடை கிளாஸை வாங்கி வைத்தோம். மழையில் ஊறிய புல்தரையில் மணமகன் மூன்று முறை மிதித்தும் அது மண்ணுக்குள் இறங்கியதே தவிர உடையவில்லை. மெல்லிய கோப்பையையும் அடியில் ஒரு கடப்பைக் கல்லையும் தயாராக வையுங்கள். உடைந்ததும் ‘மஸல் டோவ்’ என்ற வாழ்த்துக் கூச்சல் எழும். அபசகுனம் என்று பதறித் துடைப்பத்தோடு ஓடிவராமலிருக்கப் பணியாளர்களுக்கு முதல் நாளே விளக்கிவிடுங்கள்.

உடனே மணமக்கள் ஒரு தனியறைக்குச் சென்று சில நிமிடங்கள் தனித்திருப்பார்கள், சாட்சிகள் வெளியே நிற்பார்கள். செபார்திக் குடும்பங்களில் இது பெரும்பாலும் இல்லை. அறையில் தாழ்ப்பாள், கணப்பு, சூடான சூப், பழம் இருக்கட்டும். புகைப்படக்காரர் இருக்கக் கூடாது. விரதம் அங்கேதான் முடிகிறது.

விருந்துக்கு முன் செம்பால் நீரூற்றிக் கை கழுவியவர்கள் ரொட்டியை வாயில் இடும்வரை பேச மாட்டார்கள். ‘என்ன வேண்டும்’ என்று கேட்டும் பதில் வராததைக் கோபமென்று நம் பையன்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆணும் பெண்ணும் கைகுலுக்காத குடும்பங்களும் உண்டு. நம் வணக்கம் அங்கே அழகாகக் கைகொடுக்கும். ஆரத்தி, குங்குமம் போன்றவற்றைக் கேட்காமல் எடுக்காதீர்கள், கண்டிப்பானவர்களுக்குச் சங்கடமாகும். மருதாணியோ பெரும்பாலும் தடையற்றது: மும்பையின் பெனே இஸ்ரேல் என்னும் யூதக் குடும்பங்களுக்கும் யேமன் வழியினருக்கும் அது சொந்த வழக்கமே. ஆட்டத்தின்போது மணமக்களை நாற்காலியோடு தூக்குவார்கள். பிளாஸ்டிக் நாற்காலி கூடவே கூடாது. கைப்பிடியில்லாத, கால் ஆடாத தேக்கு நாற்காலி இரண்டைத் தேர்ந்து, தடித்த ஓர் ஆளை உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிப் பார்த்துவிடுங்கள். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நின்றாக வேண்டும். கைதட்டலும் பாட்டும் அதன்பிறகும் தொடரலாம்.

அடுத்து வரும் ஒரு வாரம் தினமும் விருந்து வைத்து ஏழு ஆசிகளைத் திரும்பப் பாடுவார்கள். ஒவ்வொரு விருந்திலும் பத்து ஆண்களோடு, திருமணக் கொண்டாட்டத்தில் இதுவரை கலந்துகொள்ளாத புதிய முகம் ஒன்றும் வேண்டும். செவ்வாயன்று திருமணம் என்றால் வெளிநாட்டு உறவினர்கள் புதன்கிழமையே மலையைவிட்டு இறங்கத் தொடங்கிவிடுவார்கள், ஆள் கணக்கு இடிக்கும். அப்போது வட்டக்கானலுக்கு ஒரு ஜீப்பை அனுப்புங்கள். இஸ்ரேலியப் பயணிகள் நெடுங்காலமாக வந்து தங்கும் அந்தச் சரிவில், சாப்பாடு உண்டு என்று சொன்னால் ஜீப் நிறையப் புதிய முகங்கள் ஏறிவிடும்.