பசையில் மாட்டிய பர்மா படங்கள்

பழைய சாமான் கடையில் ஒரு ஆல்பம் கிடைத்தது. உள்ளே இரண்டாம் உலகப் போரின் பர்மா போர்முனைப் படங்கள் பன்னிரண்டு. ஓரம் மடங்கிய தொப்பி, இடுப்பில் தண்ணீர்க் குடுவை, முழங்கால் வரை சேறு. படங்களை யாரோ பின்னாளில் ஒட்டும் பசைப் பக்கங்களில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தார்கள். அந்தப் பசைதான் வில்லன்.

முதல் படத்தை நகத்தால் கிளப்பினேன். மூலை கிழிந்தது. அத்தோடு நிறுத்திவிட்டேன். ஹேர் டிரையர் பிடி என்றார் நண்பர். இவை வெள்ளி ஜெலட்டின் படங்கள், அதாவது அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள். இதற்குச் சூடு ஆகாது, வேண்டாம் என்றுவிட்டேன்.

முதலில் ஆல்பத்தில் இருந்தபடியே எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு மெழுகு பூசாத பல் நூல். படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக, படம் வளையாமல். ஒன்றுக்கு இருபது நிமிஷம் ஆனது. முதுகு வலி தனிக்கணக்கு.

ஒன்றின் பின்னால் பென்சிலில் 'ரங்கூன், மே 1945'. அந்த மாதத் தொடக்கத்தில்தான் நகரம் மீண்டும் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. கிழித்திருந்தால் இது போயிருக்கும்!

இப்போது எல்லாம் பாலியெஸ்டர் உறையில். பிவிசி உறை பக்கமே போகாதீர்கள், நாளடைவில் பிசுபிசுக்கும்.

கடைசியில் இருட்டில் புறஊதா டார்ச் அடித்தேன். பதினொன்று மங்கலாகவே இருந்தன. ஒன்று மட்டும் நீலமாகப் பளபளத்தது. தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் வெண்மையூட்டிதான் அப்படி ஒளிரும்; அது படத்தாளில் வந்தது 1950களில். ஆக அது பிற்காலப் பிரதி. அதற்கும் உறை போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன்.