நன்கொடை வறண்டுபோன காலத்தில் ஒரு சிறிய டிரஸ்டை நடத்துவது எப்படி?

முதியோருக்கு மதியச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு மாலை டியூஷன், பெண்களுக்குத் தையல் வகுப்பு. எங்கள் டிரஸ்ட் செய்வது இவ்வளவுதான். ஊரில் வியாபாரம் படுத்தால் கடைக்காரர்கள் தரும் மாத நன்கொடைதான் முதலில் நிற்கும். அதே மாதம் சாப்பாட்டு வரிசை நீளும். அப்படிப்பட்ட நேரத்தில் பொறுப்பேற்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: பாஸ்புக்கை நம்பாதீர்கள்

எங்கள் கணக்கில் 11 லட்சம் இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். அதில் 6 லட்சம் தையல் வகுப்புக்கென்றே ஒரு நிறுவனம் தந்தது. 3 லட்சம் கார்பஸ் நிதி, அதாவது செலவழிக்காமல் முதலாகவே வைத்திருக்க வேண்டிய பணம். நாங்களாகச் செலவழிக்கக்கூடியது 2 லட்சம்தான். இது புரியாமல் தையல் பணத்தில் ஒரு மாதச் சம்பளத்தைப் போட்டுவிட்டேன். ஆடிட்டர் கண்டுபிடித்த பிறகு, டிரஸ்டிகள் கைக்காசு போட்டுத் திருப்பி வைத்தோம். தப்பு முழுக்க என்னுடையது.

ஆகவே ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: குறிப்பிட்ட வேலைக்கென்று வந்தது, கார்பஸ், கைவசம் உள்ளது. மூன்றாவதை மாதச் செலவால் வகுங்கள். எங்களுக்கு மாதம் 80,000. அப்படியென்றால் இரண்டரை மாதம். மற்ற எல்லாவற்றையும் அந்த இரண்டரையை வைத்துத்தான் முடிவு செய்தோம்.

படி 2: எல்லாவற்றிலும் கொஞ்சம் வெட்டாதீர்கள்

‘எல்லாத்துலயும் பத்து சதவீதம் குறைச்சுடலாம்’ என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் குழம்பு தண்ணீராகும், டியூஷனுக்கு வாத்தியார் பாதி நாள்தான் வருவார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: நாளைக்கே இதை நிறுத்தினால் யாருக்கு என்ன ஆகும்? சாப்பாட்டை நிறுத்தினால் அன்றைக்கே பசி. அதில் கைவைக்கவில்லை. தையலுக்குத் தனிப் பணம் இருந்ததால் அது தொடர்ந்தது. டியூஷன் ஒரு கோடைக்கு நின்றது. பெற்றோரைக் கூப்பிட்டு நேரில் சொன்னோம், திட்டும் வாங்கினோம்.

படி 3: சம்பளப் பேச்சை ஒத்திப்போடாதீர்கள்

சமையல் செய்யும் அக்காவுக்குச் சம்பளம் வராது என்பது 30ஆம் தேதி தெரியக் கூடாது. இரண்டு மாதம் முன்பே சொல்லுங்கள். குறைக்க வேண்டியிருந்தால் மேலே இருப்பவரிடமிருந்து ஆரம்பியுங்கள்.

படி 4: கேட்கும் முன் காகிதங்களைச் சரிசெய்யுங்கள்

நன்கொடையாளருக்கு வருமான வரியில் கழிவு வாங்கித் தரும் 80ஜி சான்று உங்களிடம் இருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் நன்கொடையாளருக்கு வரிக்கழிவு இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. அதனால் ‘வரி மிச்சமாகும் சார்’ என்ற பழைய பல்லவி இப்போது பலரிடம் எடுபடாது. ‘ஒரு நாள் சாப்பாட்டுக்கு இவ்வளவு ஆகிறது’ என்று கணக்கைக் காட்டுங்கள். நின்றுபோன நன்கொடையாளருக்கும் போன் செய்யுங்கள், ஆனால் பணம் கேட்க வேண்டாம். வியாபாரம் எப்படி என்று விசாரியுங்கள். எங்களுக்கு ஒரு மளிகைக்காரர் பணத்துக்குப் பதில் மாதம் ஒரு மூட்டை அரிசி தர ஆரம்பித்தது அப்படித்தான்.

படி 5: கம்பெனிப் பணம்

கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு லாபச் சராசரியில் 2 சதவீதத்தை சி.எஸ்.ஆருக்கு, அதாவது சமூகப் பொறுப்புப் பணிகளுக்கு, செலவழிக்க வேண்டும். சராசரி என்பதைக் கவனியுங்கள். ஒரு வருடம் சறுக்கினாலும் அந்தத் தொகை உடனே பாதாளத்துக்குப் போகாது. ஊர் படுத்திருக்கும்போதும் கேட்கலாம். அதற்கு முன் உங்கள் டிரஸ்ட் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு நிதி உரிமம் உள்ள பெரிய அமைப்பிடம் ‘உங்க பணத்துல கொஞ்சம் தாங்க’ என்று கேட்டு நிற்காதீர்கள். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அவர்கள் அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது.

இதில் எடுத்த முடிவு ஒவ்வொன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, டிரஸ்டிகளிடம் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள். டியூஷனை ஏன் நிறுத்தினீர்கள் என்று அடுத்த வருடம் கேட்பவரும் அதே டிரஸ்டியாக இருப்பார்.